வெளியூர்க்காரருக்கு முதல் பந்தி

பிரேயஸ், 9 பிப்ரவரி 1986

அன்புள்ள அண்ணன் ஸானிஸுக்கு,

தம்பி யாக்கோவோஸ் எழுதுவது. நானும் ஃபொதினியும் சுகமே. இந்தக் குளிருக்கு உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? கடிதத்தை வாசித்துக் காட்டி, நீங்கள் சொல்வதை எழுதி அனுப்பும் பாதிரியார் மனைவி எவ்தோக்கியா அம்மாளுக்கும் என் வணக்கம்.

ஓர் உதவி வேண்டும். நான் வேலை பார்க்கும் பயண அலுவலகம் இந்தக் கோடைக்கு நம் தீவைப் பற்றி ஒரு கையேடு போடுகிறது. "நீ அந்த ஊர்க்காரன்தானே, எழுது" என்று முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். பதினேழு வயதில் கிளம்பி வந்தவனுக்கு என்ன தெரியும்? வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கினால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு மறதி என்பதே கிடையாதே.

இடுப்புக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேய்க்கவும்.

உங்கள் தம்பி
யாக்கோவோஸ்

*

மேலூர், 2 மார்ச் 1986

தம்பி யாக்கோவோஸுக்கு அண்ணன் ஸானிஸின் ஆசிகள். ஃபொதினியைக் கேட்டதாகச் சொல். என் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. தைலம் நல்ல வாசனை, ஆடுகளுக்குத்தான் பிடிக்கவில்லை.

1948இல் கப்பல் ஏறியபோது என் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாய். இன்னும் திரும்பி வரவில்லை. சும்மா சொன்னேன். எவ்தோக்கியா சிரிக்கிறாள்.

இனி உன் பயணிகளுக்கு. கப்பல் வரும் நேரத்தை அச்சடிக்காதே. வடக்கே காற்று ஏறினால் கப்பல் துறைக்குள் வராது. வாயிலில் நின்று ஊதிவிட்டுப் போய்விடும். விமானத்துக்கு முதல் நாள் கப்பலில் கிளம்புகிறவன் பைத்தியம். இன்னும் முன்னதாகவே போகச் சொல். எந்தக் கடற்கரை நல்லது என்று கேட்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. வாடைக் காற்றென்றால் தெற்குக் கரை, தென்றல் என்றால் வடக்குக் கரை. காலையில் காப்பிக் கடை வாசலில் நின்று கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகட்டும். பாறையில் கறுப்பு முள் உருண்டைகள் ஒட்டிக் கிடக்கும். செருப்போடு தண்ணீரில் இறங்கச் சொல். மிதித்துவிட்டால் ஆலிவ் எண்ணெய், பொறுமை, இரண்டும் வேண்டும்.

தண்ணீர் மழைத் தொட்டியில் சேர்த்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிறவர்களை மழை பெய்யும் ஊருக்கு அனுப்பு. மதியம் யார் கதவையும் தட்ட வேண்டாம். வாடகை ஸ்கூட்டரை மேலூர் வளைவில் உருட்டிக்கொண்டு வரச் சொல். போன கோடையில் ஒரு டச்சுக்காரன் ரொட்டிக்கார மிக்கேஸின் அடுப்பறைக்குள் ஸ்கூட்டரோடு போய்விட்டான். மிக்கேஸ் அவனைப் பார்த்து, "இதையும் சுடணுமா?" என்று கேட்டான். கிழவிகளைப் படம் பிடிக்கும் முன் கேட்க வேண்டும். என் கழுதையைக் கேட்க வேண்டாம், அதற்குப் பழகிவிட்டது.

ஒன்று மட்டும் எழுதாதே. புனித பந்தெலேமோனின் திருப்படம் போன ஜூலையிலிருந்து என் வீட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு வீடு, படம் இருக்கும் வீட்டார்தான் பெருநாள் விருந்து போட வேண்டும். கடைசியில் என் முறை வந்துவிட்டது. என் மார்காரோ நோயில் கிடந்தபோது கேட்டுக்கொண்ட முறை. அவள் போய் இரண்டு குளிர்காலம் ஆனபிறகு வந்திருக்கிறது. ஜூலை 26 சாயங்காலம் விருந்து என்னுடையது. என்னுடையது என்ன, அவளுடையது. அந்தப் பந்தியைப் பற்றி உன் கையேட்டில் ஓர் எழுத்துகூடப் போடாதே. வழிப்போக்கன் யாராவது வந்தால் உட்காரட்டும். ஆனால் அது வேடிக்கை பார்க்கும் இடமில்லை.

நீ வர வேண்டும். படத்தைத் தூக்க ஒரு பக்கம் நான், மறுபக்கம் நீ.

அண்ணன் ஸானிஸ்
(அவர் சொல்ல, எழுதியது எவ்தோக்கியா)

*

பிரேயஸ், 6 ஏப்ரல் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபொதினிக்கு லேசாகச் சளி, வேறொன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வாசித்தேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். முள், தண்ணீர், காற்று எல்லாம் அப்படியே அச்சில் வருகிறது. விருந்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரியும் இருக்காது. என் வாக்கு.

விருந்துக்கு வர முயல்கிறேன். அதற்குத்தான் சில விவரம் கேட்கிறேன். மணி எப்போது அடிக்கும்? படகில் வந்தால் கோயிலுக்குக் கீழேயே இறங்க முடியுமா? ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம்? முன்னால் போல வெளியூர்க்காரர்களுக்குத்தானே முதல் பந்தி?

அப்பா விருந்து எடுத்த ஆண்டு எனக்கு ஆறு வயது. வயலின்காரரின் மடியில் தூங்கிப்போனது மட்டும் நினைவிருக்கிறது.

தம்பி
யாக்கோவோஸ்

*

மேலூர், 4 மே 1986

தம்பிக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். ஃபொதினியின் சளிக்கு மலை மூலிகைத் தேநீர் கொடு. ஒரு கட்டு இதோடு வருகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலை இருந்தால் இடுப்பு வலி மறந்துபோகும் போலிருக்கிறது.

நீ தூங்கியது வயலின்காரர் மடியில் இல்லை, மாவு மூட்டை மேல். உன்னைக் காணோம் என்று அம்மா கிணற்றுக்குள் விளக்கு இறக்கிப் பார்த்தாள்.

நீ கேட்டவை. மாலைப் பூசை மணி வெயில் தாழ்ந்ததும் அடிக்கும். கோயிலுக்குக் கீழே படகு ஒதுங்கும், காற்று அடங்கியிருந்தால். அந்தச் சாயங்காலம் அடங்கித்தான் இருக்கும், புனிதர் பார்த்துக்கொள்வார். பந்திக்கு அறுபது பேர். ஆமாம், வெளியூர்க்காரருக்குத்தான் முதல் பந்தி. ஊர்க்காரன் தன் வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம், வந்தவன் எங்கே போவான் என்று அப்பா சொல்வார். வந்தவனை நீ யார் என்று கேட்கவும் கூடாது, போதும் எழுந்திரு என்று சொல்லவும் கூடாது.

கொண்டைக்கடலைச் சூப்பு முந்தின நாளே மிக்கேஸின் அடுப்புக்குள் போய்விடும். ஆட்டுக்கறியும் மாக்கரோனியும் கோயில் அடுப்பில். எட்டு ஆடுகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். மார்காரோவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய விதவை அனேஸோ மேசைத் துணிகளை வெளுக்கிறாள். "ஸானிஸ், நீ இப்பிடிச் சிரிச்சு நான் பார்த்தே நாளாச்சு" என்கிறாள். அடுத்த முறை மிக்கேஸுக்கு. இப்போதே அவன் வீட்டில் படம் வைக்க ஆணி அடித்தாகிவிட்டது.

உன் கட்டில் விரித்திருக்கிறது.

அண்ணன் ஸானிஸ்

*

பிரேயஸ், 12 ஜூலை 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலம் அறிய ஆசை. அவசரத்தில் எழுதுகிறேன். கோடை உச்சம், முதலாளி விடுப்புத் தரவில்லை. விருந்துக்கு வர முடியாது. மன்னிக்கவும். பதிலாக நான்கு பெட்டி மாக்கரோனி கப்பலில் அனுப்பியிருக்கிறேன். இந்த ஆண்டு கொஞ்சம் கூடுதலாகவே சமையுங்கள்.

மார்காரோ அண்ணிக்கு என் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

யாக்கோவோஸ்

*

மேலூர், 3 ஆகஸ்ட் 1986

யாக்கோவோஸுக்கு,

நீயும் ஃபொதினியும் சுகமா? நான் உயிரோடு இருக்கிறேன்.

உன் மாக்கரோனி வந்தது. "உன் தம்பிக்குப் பட்டாளத்தில் சமையல் வேலையா?" என்று மிக்கேஸ் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மணி அடித்து முடிவதற்குள் முனையைச் சுற்றி ஒரு படகு வந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு மூன்றாவது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மார்காரோ, உனக்கு எவ்வளவு கூட்டம் பார் என்று நினைத்தேன். படிக்கட்டு நிறைய வெளிநாட்டுக்காரர்கள். முதல் பந்தியில் உட்கார வைத்தேன். இரண்டாவதும் அவர்கள்தான். மூன்றாவதும். நம் ஊர்க்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். நல்ல உடுப்போடு, கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். பாதிரியார் லூக்காஸ் என் காதில் சொன்னார், "ஸானிஸ், நம்ம ஆளுங்களைக் கொஞ்சம் உள்ளே விடுவோமா?" நான் வேண்டாம் என்றேன். வந்தவனை எழுப்பக் கூடாது.

நான்காவது பந்தியில் சட்டி வழித்த சத்தம் கேட்டது. உன் மாக்கரோனியும் தீர்ந்தது. அனேஸோ தான் வெளுத்த துணிமேல் அடுத்தவர்கள் சாப்பிட்டு முடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அப்போது அவர்களைக் கூட்டி வந்த, சிவப்புக் கொடி பிடித்த ஒரு பெண் வந்தாள். ஏதென்ஸ் பேச்சு.

"தாத்தா, ஒயின் இன்னும் ரெண்டு ஜாடி வேணும். இவங்களுக்கு ஒயினும் சேர்த்துத்தான்."

"எதோட சேர்த்தும்மா?"

"டிக்கெட்டோட. சாப்பாடு, ஒயின், வயலின் எல்லாம் சேர்த்துத்தானே வித்திருக்கு. யாக்கோவோஸ் சார் உங்ககிட்ட சொல்லலையா? விருந்து எங்க அண்ணனோடது, ஒரு சிக்கலும் வராதுன்னாரே!"

வயலின் சத்தத்தில் அது எனக்கும் பக்கத்தில் நின்ற எவ்தோக்கியாவுக்கும் மட்டும்தான் கேட்டது. இதை எழுதும்போது அவள் கை நிற்கிறது. எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

மிக்கேஸ் வந்து கேட்டான், "யாரு ஸானிஸ் இவங்களக் கூப்பிட்டது?"

"நான்தான்" என்றேன்.

பெருநாளும் அதுவுமாக அப்பாவின் பிள்ளை ஒருவனை ஊர் வாயில் போட எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் காலைக்குள் டிக்கெட் கதை துறைமுகத்திலிருந்து மேலேறி வந்துவிட்டது. பூசை முடிந்து படத்தை மிக்கேஸிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "புனிதரை வித்தவன் கையிலேருந்து நான் வாங்க மாட்டேன். நீயே வச்சிக்க. நல்ல வியாபாரம்தானே." பாதிரியார் மூன்று முறை கேட்டார், படத்தை யார் வாங்குகிறீர்கள் என்று. எத்தனையோ ஆண்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருக்கும் ஊர் இது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் நினைவில் அப்படி ஒரு காலை கிடையாது. ஜெர்மன்காரன் இருந்த பஞ்ச காலத்தில்கூடப் படம் வீடில்லாமல் நின்றதில்லை. திரும்ப என் வீட்டுக்கே தூக்கி வந்தேன். கூட ஒருவரும் நடக்கவில்லை.

உன்னை நான் திட்டவில்லை. ஒன்று மட்டும் செய். ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. கோயில் முற்றத்தில் நின்று, "அண்ணனுக்குத் தெரியாது" என்று சொல். அந்த இரண்டு வார்த்தை போதும். அதைச் சொல்லிவிட்டு அதே கப்பலில் திரும்பிக்கொள்.

ஸானிஸ்

*

பிரேயஸ், 5 அக்டோபர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள். பதில் தாமதமாகிவிட்டது, சீசன் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். செப்டம்பரில் நீங்கள் போட்ட இரண்டாவது கடிதமும் கிடைத்தது.

ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாக்குகிறார்கள். வந்தவர்கள் எவ்வளவு சந்தோஷமாகத் திரும்பினார்கள் தெரியுமா? ஒரு சுவீடன்காரப் பெண்மணி அழுதுவிட்டார். கையேட்டில் ஒரு வரியும் போடவில்லை. கொடுத்த வாக்கை நான் காப்பாற்றியிருக்கிறேன். டிக்கெட் முதலாளியின் யோசனை. அடுத்த முறை செலவில் பாதியை அலுவலகமே ஏற்கும். இத்துடன் உங்கள் பங்காக ஒரு பணவிடை அனுப்புகிறேன்.

இப்போது வர முடியாது. என் பெயரை அங்கே எங்கும் சொல்ல வேண்டாம். எனக்கு ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது.

இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாக்கோவோஸ்

*

மேலூர், 19 அக்டோபர் 1986

யாக்கோவோஸ்,

சுகம். பணவிடை இதோடு திரும்பி வருகிறது.

மிக்கேஸ் எனக்கு ரொட்டி விற்கிறான். ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. காப்பிக் கடையில் நான் உட்கார்ந்தால் அந்த மேசைக்குத் திடீரென்று எல்லோருக்கும் வேலை வந்துவிடுகிறது. உன் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. படத்துக்கு முன்னால் தினமும் விளக்கு ஏற்றுகிறேன். வீடு கிடைக்காமல் இங்கேயே நிற்கிறாரே என்று புனிதரைப் பார்க்க எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

வருகிற 26ஆம் தேதி, புனித தெமெத்ரியோஸ் பெருநாள் வரை காத்திருக்கிறேன்.

ஸானிஸ்

*

பிரேயஸ், 1 டிசம்பர் 1986

மதிப்பிற்குரிய பாதிரியார் லூக்காஸ் அவர்களுக்கும், ஊர் மன்றத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன்.

கடந்த ஜூலை விருந்து பற்றி எங்கள் அலுவலகத்துக்குத் தாங்கள் அனுப்பிய புகாருக்கு விளக்கம் தரும்படி பணிக்கப்பட்டிருக்கிறேன். மேற்படி விருந்தை நடத்தியவர் என் மூத்த சகோதரர் ஸானிஸ். படகு ஒதுங்கும் இடம், மணி அடிக்கும் நேரம், பந்திக்கு உட்காரக் கூடியவர்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் அவரே மனமுவந்து எங்களுக்குத் தெரிவித்தார். அவருடைய முழுச் சம்மதத்துடனேயே ஏற்பாடு நடந்தது.

அவர் வயதானவர், எழுத்தறிவில்லாதவர். தாம் சம்மதித்ததை இப்போது மறந்திருக்கக் கூடும்.

தங்கள் உண்மையுள்ள
யாக்கோவோஸ்

*

மேலூர், 11 ஜனவரி 1987

யாக்கோவோஸ் அவர்களுக்கு,

பாதிரியார் மனைவி எவ்தோக்கியா எழுதுவது. உங்களுக்கும் ஃபொதினிக்கும் புத்தாண்டு நலமாக அமையட்டும். இந்தக் கடிதம் ஸானிஸ் அண்ணன் சொல்லி எழுதியதல்ல. அவருக்குத் தெரியவும் தெரியாது.

என் கணவர் உங்கள் கடிதத்தைக் காப்பிக் கடையில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். ஸானிஸ் அண்ணன் கதவோரம் உட்கார்ந்திருந்தார். "சம்மதம்" என்ற இடத்தில் அவர் தலை குனிந்தது. "மறந்திருக்கக் கூடும்" என்ற வரி வந்ததும் மிக்கேஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னது? ஸானிஸா மறந்துட்டான்? நாப்பத்தொம்பதுல நான் கடன் வாங்கின வாளியில ஓட்டை எந்தப் பக்கம்னு இன்னும் சொல்லுவானே!"

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. மிக்கேஸ் அவரைப் பார்த்துக் கேட்டார், "வாயத் திறடா கழுதை. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஸானிஸ் அண்ணன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. அடுத்தவர் கடிதத்தை எழுதுகிறவள் வாயைத் திறக்கக் கூடாது. இத்தனை காலம் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். "எழுதின கை என்னுது. பந்தியைப் பத்தி ஒரு எழுத்துகூடப் போடாதேன்னு அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கொடிக்காரப் பொண்ணு சொன்னப்பவும் பக்கத்துல நின்னேன். அவருக்குத் தெரியாது. தம்பியைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னாரு" என்றேன்.

மிக்கேஸ் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே ஸானிஸ் அண்ணன் வீட்டுக்குப் போனார். நாங்களெல்லாம் பின்னால் போனோம். "படத்தக் குடு" என்றார். ஸானிஸ் அண்ணன், "ஜூலைக்குத்தான் மாத்தணும், இப்ப முறை இல்லை" என்றார். "முறையப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே, தூக்கு அந்தப் பக்கம்" என்றார் மிக்கேஸ். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அனேஸோ முன்னால் விளக்குப் பிடித்தாள்.

படத்தை மிக்கேஸ் வீட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிய பிறகு, அது இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு ஸானிஸ் அண்ணன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊர் திரும்பக் கிடைத்த மனிதனின் முகம் அது இல்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எவ்தோக்கியா

*

பிரேயஸ், 15 மார்ச் 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நாங்கள் நலம். விஷயம் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டு மனம் லேசானது. அந்தக் கடிதம் அலுவலகத்துக்காக எழுதியது, உங்களுக்குப் புரியும். பழையதைத் தூக்கிப்போடுவோம், ரத்தம் தண்ணீராகிவிடுமா?

ஈஸ்டருக்கு நானும் ஃபொதினியும் வருகிறோம். அவள் நம் வீட்டைப் பார்த்ததே இல்லை. கப்பலுக்கு வந்துவிடுங்கள். அப்படியே கையேட்டின் புதிய பதிப்புக்கும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
யாக்கோவோஸ்

*

மேலூர், 29 மார்ச் 1987

மதிப்பிற்குரிய பயணிக்கு,

தாங்களும் மனைவியாரும் நலம் என்று அறிந்தேன். தீவுக்கு வர விரும்பி விவரம் கேட்டிருந்தீர்கள். கேட்டவருக்குச் சொல்வது எங்கள் வழக்கம்.

ஈஸ்டர் வாரத்தில் கப்பலில் நெரிசல் இருக்கும். முன்கூட்டியே இடம் பிடியுங்கள். இறங்கியதும் உங்களை அழைத்துப்போக யாரும் நிற்க மாட்டார்கள். படகுத்துறையில் அறை வாடகைக்கு விடும் பெண்கள் அட்டை பிடித்து நிற்பார்கள். கடல் பக்கத்து அறை ஈரம். உள்பக்கத்து அறையைக் கேளுங்கள். வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். மேலூரில் வெளியாட்களுக்கு அறை கிடையாது. அங்கே ஒரு வீட்டில் உபரியாக ஒரு கட்டில் இருந்தது. அதில் இப்போது வைக்கோல் போட்டிருக்கிறது.

மேலூர்த் தெருவில் நடக்கலாம், தடையில்லை. வீடுகளை வெளியிலிருந்து பார்க்கலாம். வாசலில் கிழவர் யாராவது உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லுங்கள். பதில் வணக்கம் கிடைக்கும். அதற்குமேல் பேச்சுக்கொடுக்க வேண்டாம், இங்குள்ளவர்கள் அந்நியரிடம் அதிகம் பேசுவதில்லை. ரொட்டிக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும். பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் வாங்குங்கள்.

ஜூலையில் வருவதானால் புனித பந்தெலேமோன் விருந்து உண்டு. இந்த ஆண்டு ரொட்டிக்கார மிக்கேஸ் நடத்துகிறார். சட்டிகளுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். வெளியூர்க்காரருக்கு முதல் பந்தி. நீங்கள் தாராளமாக உட்காரலாம். யார் என்று உங்களை நான் கேட்க மாட்டேன்.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு மேற்கே, சைப்ரஸ் மரங்களுக்குள் இருக்கிறது. கதவுக்குப் பூட்டு கிடையாது. உங்கள் பெற்றோர் இரண்டாவது வரிசையில் இருக்கிறார்கள். தீப்பெட்டி கொண்டுபோங்கள், அங்கே காற்று அதிகம். வழி தெரியாவிட்டால் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்னைக் கேட்க வேண்டாம்.

நல்ல பயணம்.

ஸானிஸ்
(அவர் சொல்ல, எழுதியது எவ்தோக்கியா. ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை.)